எல்லா லினக்ஸுக்கும் ஒரே பொட்டலம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் செண்பகவல்லிக்குப் பயம். நடந்தது என்னவோ அவளுக்குத் தெரியும், அவள் கையால் நடந்ததுதான், ஆனால் அதை எந்த நுனியில் பிடித்து இழுப்பது என்றுதான் பிடிபடவில்லை. முதலிலிருந்து சொன்னால் ஆவுடையப்பன் அண்ணாச்சி செத்துப்போனதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவரோ சாகவில்லை, நேற்றுகூடக் கடை வாசலில் நின்றுகொண்டு கடலைமிட்டாய் டின்னை எறும்புக்கு விட்டுவிட்டதாக வேலையாளை வைதுகொண்டிருந்தார். கடைசியிலிருந்து சொன்னால் எடுத்த எடுப்பில் "எல்லா லினக்ஸுக்கும் ஒரே பேக்கேஜ் வேணும்" என்று கேட்க வேண்டும், அதைத்தான் அவளுக்கு முன்னால் பேசுகிற எல்லாரும் கேட்கப் போகிறார்கள், கேட்டுக் கேட்டு அந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் காது புளித்துப் போயிருக்கும். நடுவிலிருந்து சொல்லலாம் என்றால் நடுவில் அவளுடைய இளைப்பு இருக்கிறது, மூச்சு வாங்குகிற கதையைப் போய் கம்ப்யூட்டர் கூட்டத்தில் யார் சொல்வார்கள். ஆனால் இது வெறும் பயம் மட்டும் இல்லை, அவளுக்கே தெரிந்தது, பொருட்காட்சி ராட்டினம் மேலே போய் ஒரு கணம் நிற்குமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷமும் சேர்ந்து கிடந்தது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். முகம் காட்டாதவர்கள் பூனைப் படம், மலைப் படம் என்று எதையாவது வைத்திருந்தார்கள். அவளுடைய கட்டத்தில் "செண்பகம் பிளக்ஸ், கோவில்பட்டி" என்று வெள்ளை எழுத்து. தன் கடைப் பெயரை அத்தனை பேருக்கு நடுவில் பார்க்கும்போது, யாரோ தெரிந்தவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதைப் பார்த்தது போல, கூப்பிட்டுக் கையாட்ட வேண்டும் போல இருந்தது. "அடுத்து நாலு பேர் பேசறாங்க, அதுக்கப்புறம் செண்பகம் அக்கா, ரெடியா இருங்க" என்றது மதுவந்தி என்கிற கம்பெனிப் பெண், கோயம்புத்தூர் இழுவையோடு. அக்கா என்றது! எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்.

லினக்ஸ் வைத்திருக்கிறவர்களின் குறையைக் கேட்கவென்று இந்தக் கூட்டத்தைக் கூட்டின கம்பெனிக்குப் பெயர் ‘கூடு’. கம்பெனி விற்கிற ஆப்புக்கும் அதே பெயர்தான். இவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குள் எதைப் போட்டாலும், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டு அருகே இருக்கிற பிரஸ் கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டருக்குள் அது தானாகப் போய் உட்கார்ந்துவிடும். அங்கே அவளுடைய நாத்தனார் இசக்கியம்மாள் எடுத்து, மிஷினில் போட்டு, பேனராக உருவிவிடுவாள். இவள் வீட்டில் வரைவாள், அவள் அங்கே அடிப்பாள், இதுதான் அவர்கள் தொழில். காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி. முன்னால் இவளும் பிரஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தாள், அந்த மை வாடை நெஞ்சில் ஏறி ஏறி ஒருநாள் உதடு நீலம் பாரித்துவிட்டது, "அந்த ரூமுக்குள்ள இனி கால் வச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்கம்மா" என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பென் டிரைவைக் கொடுத்து அனுப்பலாம், யார் கொண்டுபோவது, கேட்டு அடைத்துக் கிடக்கும்போது ஒரு சாவு பேனருக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், எடுத்துவிட்ட பிறகு பேனர் எதற்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தைக் கசக்கிப் பிழிந்து முகத்தைப் புள்ளி புள்ளியாக்கிவிடும். ஆக, கூடு இருக்கிறவரைக்கும்தான் அவள் மூச்சுக்கும் பிழைப்புக்கும் சண்டை இல்லை. இதை இப்படியே சொல்லலாமா. சொல்லலாம், ஆனால் லினக்ஸ் எங்கே வருகிறது இதில். குக்கர் ஒரு விசில் அடித்தது, அவள் துள்ளி எழுந்து மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள், அணைந்துதான் இருந்தது, சிவப்புக் கோடு குறுக்கே போட்டிருந்தது, இருந்தாலும் ஒருவேளை கேட்டிருந்தால், அத்தனை பேரும் கோவில்பட்டிப் பருப்பு வேகிறது என்று நினைத்திருந்தால். போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பருப்பு அரைவேக்காடாகக் கிடக்கட்டும், இன்றைக்கு ஒருநாள்.

லினக்ஸ் வந்தது வைரஸால். பழைய கம்ப்யூட்டரில் ஒருநாள் காலையில் எந்தப் படத்தைத் திறந்தாலும் ஒரே மண்டையோடு, பணம் அனுப்பினால்தான் திறப்போம் என்று இங்கிலீஷில் மிரட்டல், இத்தனை வருசம் சேர்த்து வைத்த பூ, மயில், தோரணம், மணமேடை எல்லாம் போயிற்று. அழுதுகொண்டிருந்தவளுக்குத் தென்காசி ஜெபராஜ் சார்தான் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர், தங்கச்சி கல்யாண பேனருக்கு வந்தவர், பேனரை மறந்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து வைரஸ் பயம் இல்லை. ஆனால் லினக்ஸ் என்பது ஒரே சாமான் இல்லையாம், அதில் ஏகப்பட்ட வகையாம். முதலில் போட்ட வகையில் கூடு ஓடியது. அந்த வகை பழசாகிப் போய், சார் இவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேறு வகை போட்டார், அதில் கூடு ஏற மாட்டேன் என்றுவிட்டது, பிரஸ்ஸில் மட்டும் பழையபடி ஓடியது. கம்பெனி ஒரே ஒரு வகைக்குத்தான் தைத்துக் கொடுத்திருக்கிறது, மற்றவர்களுக்குக் கை நுழையாது. "அப்போ எல்லாருக்கும் சேர்றமாதிரி ஒண்ணு தைக்க முடியாதா சார்" என்று அவள் கேட்டாள். அவர் சிரித்தார். "முடியும்க்கா. அதைத்தான் நாங்க ரொம்ப நாளா கம்பெனிகிட்ட கேட்டுட்டிருக்கோம். சில ஆப் ஊருக்குப் போனா அந்த ஊர் ஓட்டல்லதான் சாப்பிடும், அங்க இட்லி இல்லன்னா படுத்துக்கும். நாங்க கேக்கறது கட்டுச்சோறு கட்டிட்டு வர்ற ஆப். தனக்கு வேணுங்கறதெல்லாம் தன் பொட்டலத்துக்குள்ளயே வச்சிருக்கும், எந்த லினக்ஸ்லயும் போய் ஓரமா உக்காந்து பிரிச்சுச் சாப்ட்டுக்கும். அதோட, நீங்க எந்த ஃபோல்டரைக் காட்டறீங்களோ அதைத் தவிர வேற எதையும் தொடாது." கட்டுச்சோறு! அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது, புரிந்த சந்தோஷத்தில் அவருக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தாள். இவ்வளவு சுலபமான விஷயத்தை ஏன் செய்யாமல் இருக்கிறார்கள், காசு கட்டி வாங்கின ஆப்தானே.

ஏன் செய்யாமல் இருந்தார்கள் என்பது இப்போது காதிலேயே கேட்டது. பூனைப் படக்காரர் பேசிக்கொண்டிருந்தார், பொட்டலம் கட்டுவதிலேயே மூன்று விதமாம், பிளாட்பேக் என்று ஒன்று, ஸ்னாப் என்று ஒன்று, ஆப்இமேஜ் என்று ஒன்று, அவருக்கு பிளாட்பேக்தான் வேண்டுமாம், ஸ்னாப்பைக் கொடுத்தால் சந்தாவை நிறுத்திவிடுவாராம். "ஏங்க, எது குடுத்தாலும் சந்தோஷம்னு சொல்லுங்களேன்" என்று மலைப் படக்காரர் குறுக்கே வந்தார். "அது எப்படிங்க, விஷத்தைக் குடுத்தாலும் சந்தோஷம்னு சொல்வீங்களா?" "விஷமா? ஸ்னாப் விஷமா? வாயைக் கழுவுங்க சார்." "நீங்க மொதல்ல உங்க மெஷின் ஆன் ஆகி அந்த ஸ்னாப் தெறக்கறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்." மதுவந்தி நடுவில் பாவமாக, "அண்ணா, அண்ணா, ஒருத்தர் ஒருத்தராங்க, ப்ளீஸ்ங்க" என்றது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது, உடனே திக்கென்றது. சாமி சப்பரத்தை வடக்குத் தெருவில் முதலில் இழுப்பதா தெற்குத் தெருவில் முதலில் இழுப்பதா என்று அடித்துக்கொண்டு கடைசியில் சப்பரமே கிளம்பாமல் நின்றுபோகிற மாதிரி, இவர்கள் போட்ட சண்டையில் கம்பெனி, நீங்களே பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று எழுந்து போய்விட்டால்? கட்டத்தில் ரகுநந்தன் என்கிற பெரியவர், அவர்தான் முடிவு செய்கிறவராம், பெரியவர் என்றால் வயதில் சின்னவர்தான், கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், அந்த மாதிரி கைவைத்து உட்காருகிறவர்கள் இல்லை என்று சொல்லப் போகிறவர்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு இரண்டு வழிதான். ஒன்று, மண்டையோடு வந்த பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போவது. இன்னொன்று, அந்த முகம் தெரியாத ஆள் கட்டின பொட்டலம். அதை ஒருதடவை போட்டுப் பட்டாயிற்று. அதை நினைக்காமல் மூன்றாவது ஆள் பேசுவதைக் கேட்கலாம் என்று பார்த்தாள். மூன்றாவது ஆள் என்ன சொன்னார் என்றே காதில் ஏறவில்லை.

கம்பெனி செய்யவில்லை என்றதும் உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு ஆள், பேர் கிடையாது, முகம் கிடையாது, தானாகவே கூடு ஆப்பைப் பிரித்துக் கட்டுச்சோறாகக் கட்டி எல்லாருக்கும் எடுத்துக்கொள்ளச் சொல்லி வைத்திருந்தான். நல்லவனாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதற்குச் செய்கிறான். "வேண்டாம்க்கா, கம்பெனி கட்டாத பொட்டலம், என்னைக்கு ஊசிப்போகும்னு சொல்ல முடியாது" என்று ஜெபராஜ் சார் சொல்லத்தான் செய்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் வேலை குவிந்து கிடந்தது, அவள் போட்டுவிட்டாள். நன்றாகத்தான் ஓடியது. ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம், பேனரில் அண்ணாச்சி மாலையும் கழுத்துமாகச் சிரித்தார், ஊரே மெச்சியது. மறுநாள் தபால்காரர் பொன்னுச்சாமி தவறிப்போனார், கண்ணீர் அஞ்சலி வேண்டும் என்று மருமகன் வந்து நின்றார். செண்பகவல்லியின் வேலை முறை அவளாகவே கண்டுபிடித்தது: ஒவ்வொரு விதமான பேனருக்கும் காலி மாதிரி ஒன்று இருக்கும், அது எதுவானாலும் ‘படம்’ என்கிற பெயரில் இருக்கிற போட்டோவை எடுத்து நடுவில் வைத்துக்கொள்ளும். புது ஆள் வந்தால் புது போட்டோவை அதே ‘படம்’ பெயரில் பழசின் மேல் போட்டுவிட்டால் போதும், முகம் மாறிவிடும், தேட வேண்டாம், நகர்த்த வேண்டாம். பொன்னுச்சாமி பெயரை அடித்தாள், பிறந்த தேதி, மறைந்த தேதி, பேரன் பேத்தி பெயர்கள், அவர் போட்டோவைப் ‘படம்’ ஆக்கினாள், எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கூடு பச்சை டிக் காட்டியது. பச்சை டிக்! அதை நம்பித்தான் போய் ஒரு வாய் சோறு தின்றாள். எழுத்தெல்லாம் கேட்டைத் தாண்டிப் போயிற்று. படம் மட்டும் போகவில்லை. அங்கே பழைய படமே இருந்தது, ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு சத்தம் இல்லை. இசக்கி பார்த்திருக்க வேண்டாமா என்றால், அவள் நாள் பூரா முகமாகவே உருவுகிறவள், முகம் யாருடையது என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு எப்போதோ போய்விட்டது, சிவந்திருக்கிறதா கறுத்திருக்கிறதா, மை ஒழுகியிருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். பொன்னுச்சாமி மறைந்தார் என்று கொட்டை எழுத்து, மேலே மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற ஆவுடையப்பன் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவன் எழுத்தையா படிப்பான், முகத்தைத்தான் பார்ப்பான். அண்ணாச்சி வீட்டுக்கு மாலையோடு ஆள் வர ஆரம்பித்தார்கள். மாலை வாங்கிக்கொண்டு வந்த சம்பந்தி வீட்டுக்காரருக்குக் கதவைத் திறந்தது அண்ணாச்சியேதான், பல் விளக்கிக்கொண்டே. உள்ளே அவர் பெண்சாதி மயங்கி விழுந்த சத்தம். முந்தின நாள்தான் இரண்டாம் தாலி கட்டிக்கொண்டவள். அதுதான், அந்த அம்மாதான் செண்பகவல்லியின் தூக்கத்தில் வருகிறது. அண்ணாச்சி பரவாயில்லை, ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, "ஏ தாயி, எனக்கு ஆயுசு கூடிப்போச்சின்னு எல்லாரும் சொல்லுதான், அது கெடக்கட்டும், இனிமே இந்த ஊர்ல வேற எவனுக்கும் இப்பிடி வராதுன்னு எம் மொகத்தப் பாத்துச் சொல்லு" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வது. வராது என்று சொல்ல அவளிடம் என்ன இருந்தது, பேர் தெரியாத ஒருத்தன் கட்டின பொட்டலத்தைத் தவிர. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைத் தூக்கிப் போட்டாள். அதிலிருந்து இசக்கிதான் கடையைப் பூட்டிப் பூட்டித் திறந்துகொண்டு பென் டிரைவுக்காக அலைகிறாள், "மதினி, இப்பிடியே போச்சின்னா ஒண்ணு என் காலு தேஞ்சிரும், இல்ல கடைய மூடணும், ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க" என்கிறாள், சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள், ஆனால் நேற்றுச் சிரிக்கவில்லை.

"செண்பகம் அக்கா? மைக் ஆன் பண்ணிக்கோங்க." யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யார் செண்பகம்? நான்தான். எட்டாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள், குச்சிக் கட்டை அடுக்குகிறபோது மேஸ்திரி கேட்டால்கூடப் பக்கத்தில் இருக்கிறவளைப் பதில் சொல்ல விடுகிறவள். சிவப்புக் கோடு போய்விட்டது. இப்போது அவள் விடுகிற மூச்சு கோயம்புத்தூருக்குக் கேட்கும். "வணக்கம்" என்றாள். அத்தனை கட்டமும் அவளையே பார்த்தன, பூனைகூட. எந்த நுனி, எந்த நுனி. "எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி செத்துப் போயிட்டாரு," என்றாள், "இல்ல, சாகல." யாரோ சிரித்தார்கள். போயிற்று, தப்பாகவே ஆரம்பித்துவிட்டோம், இனி என்ன, தண்ணீருக்குள் விழுந்தாயிற்று நீந்த வேண்டியதுதான் என்று அவள் தன் போக்கில் சொல்ல ஆரம்பித்தாள், தாறுமாறாகத்தான், மாலை முன்னால் வந்தது, தபால்காரர் பின்னால் வந்தார், நடுவில் டாக்டர் கும்பிட்டார், கேட்டு அடைத்தது, மை வாடை வந்தது, அண்ணாச்சி பல் விளக்கினார். ஓரிடத்தில் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், அண்ணாச்சி பெண்சாதி விழுந்த இடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, சூடாக இருந்தது, எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது, அவள் அதன் பின்னால் ஓடினாள். "எனக்கு பிளாட்பேக்கா மத்ததான்னெல்லாம் தெரியாது சார். நீங்க கட்டுங்க. உங்க கையால கட்டுங்க. கட்டுனது நாங்கதான்னு சொல்ல ஒரு ஆள் இருக்கணும், அவ்ளோதான். படம் போகலன்னா போகலன்னு எனக்குச் சொல்லணும். நான் ஒரு மனுசருக்கு மொகத்தப் பாத்துப் பதில் சொல்லணும்." ரகுநந்தன் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஒண்ணு கேக்கலாமாம்மா? ரெண்டு போட்டோவுக்கும் ஒரே பேரா வச்சீங்க?" இதுதான், இதைத்தான் கேட்பார்கள் என்று பயந்திருந்தாள், குற்றம் அவள் மேல் வந்துவிட்டது. "ஆமா சார். குடத்துக்குத் தினம் ஒரு பேரா வைக்கோம், உள்ள தண்ணியத்தான மாத்துதோம்" என்று வாயில் வந்துவிட்டது, வந்த பிறகு நாக்கைக் கடித்தாள். அவர் சிரித்தார், கோபித்துக்கொள்ளவில்லை. "கரெக்ட்தாம்மா. தண்ணி மாறுனா எங்களுக்குத் தெரியணும். அது எங்க வேலைதான்." மலைப் படக்காரர் கை தட்டுகிற படம் போட்டார். பூனைப் படக்காரரும் போட்டார். இரண்டு பேரும் ஒரே படத்தைப் போட்டதை அவள் கவனித்தாள், அதற்காகவே இன்னொரு தடவை அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் இன்றைக்கு இன்னும் ஒரு தடவைகூட அழவில்லை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது, அவளுக்குப் பாதி புரிந்தது. ரகுநந்தன் சொன்னது இதுதான்: பொட்டலம் கட்டி முடித்தே இருக்கிறதாம், சண்டைக்குப் பயந்து வெளியே விடாமல் வைத்திருந்தார்களாம், முதலில் ஒரு விதத்தில் மட்டும், பிளாட்பேக்கில், மற்றது பின்னால். யாருக்குச் சோதித்துப் பார்க்க இஷ்டமோ அவர்களுக்கு இப்போதே இணைப்பு அனுப்புகிறோம், தப்பு இருந்தால் சொல்லுங்கள். ஒரே இரைச்சல். "அப்போ ஸ்னாப்?" என்றார் மலைப் படக்காரர். "சார், விடுங்க சார், கெடச்சிருக்கில்ல" என்றார் பூனைப் படக்காரர், ஜெயித்தவருடைய பெருந்தன்மையோடு. கூட்டம் கலைவதற்குள் போன் அடித்தது, ஜெபராஜ் சார். "அக்கா! கலக்கிட்டீங்கக்கா! நான் பள்ளிக்கூடத்துல லேப்ல நின்னு கூட்டத்தக் கேட்டுட்டே சத்தம் போட்டுட்டேன், பசங்கல்லாம் என்னையே பாக்கறாங்க. போடுங்க, இப்பவே போடுங்க." "சார், சோதனைன்னு சொன்னாகளே சார்." "சோதனைன்னாலும் கம்பெனி கட்டுனதுக்கா." அவர் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினாள். நீலக் கோடு ஒன்று ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. அது நின்ற ஒவ்வொரு தடவையும் அவளும் மூச்சை நிறுத்தினாள். எந்த ஃபோல்டரைக் காட்ட என்று அது கேட்டது. ஆகா, கேட்கிறதே! வீட்டுக்கு வந்த மனுசன் எங்கே உட்காரட்டும் என்று கேட்கிற மாதிரி. பேனர் ஃபோல்டர் ஒன்றை மட்டும் காட்டினாள். வங்கிக் கடவுச்சொல், ரேஷன் கார்டு, அவள் எக்ஸ்ரே எல்லாம் இருக்கிற மற்ற ஃபோல்டர்களின் பக்கம் அது திரும்பவே இல்லை. பச்சை டிக் வந்தது. சார் அங்கே விசில் அடித்தார், பள்ளிக்கூடத்துக்குள் நின்றுகொண்டு.

பச்சை டிக்கைப் பார்த்ததும்தான் அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அந்தப் பச்சையை அவள் முன்னாலும் பார்த்திருக்கிறாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அஞ்சலி காத்திருந்தது, சத்துணவுக் கூடத்து வேலம்மாள், எல்லாப் பிள்ளைகளுக்கும் முட்டை வைத்தவள், மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள், அதற்குள் பேனர் கட்ட வேண்டும், பெயரெல்லாம் அடித்து முடித்துவிட்டாள், போட்டோவையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறாள். அனுப்ப வேண்டியதுதான். அனுப்பி, எழுத்து மட்டும் போய், படம் போகாமல், இந்தத் தடவை அங்கே இருக்கிற பழைய ‘படம்’ யார்? நேற்றுப் பென் டிரைவில் போன காதுகுத்துக் குழந்தை. ஐயோ. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, இரண்டு பல் காட்டிச் சிரிக்கிற குழந்தை. கண்ணீர் அஞ்சலிக்கு மேலே. நினைத்ததுமே அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பெனி கட்டினதுதான், அவர் சிரித்தார்தான், தண்ணி மாறினால் எங்களுக்குத் தெரியணும் என்றார்தான், இருந்தாலும் சோதனை என்றும் சொன்னாரே. யார் முகத்தை வைத்துச் சோதிப்பது? யாருடைய முகத்தையும் வைக்க முடியாது. இந்த ஊரில் எந்த முகத்தை எடுத்தாலும் அதற்குப் பின்னால் மயங்கி விழ ஒரு ஆள் இருக்கிறது. பிறகு போனில் தேடினாள். கல்யாண வீடு ஒன்றில் எடுத்தது, மஞ்சள் சேலை, காதில் புதுக் கம்மல், பொட்டு கொஞ்சம் கோணல். அதைப் ‘படம்’ என்று பெயர் வைத்து, கண்ணீர் அஞ்சலி மாதிரிக்குள் போட்டாள். நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள் செண்பகவல்லி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே வெள்ளைப் புறா. விளையாட்டாகக்கூடச் செய்யக்கூடாத காரியம், சாமி படத்தின் பக்கம் திரும்பாமல் பச்சை டிக்கையே பார்த்தாள். இசக்கிக்குப் போன் போட்டாள். "ஏளா, புதுசு போட்டிருக்கேன், அஞ்சலியத் தொறந்து யாரு மொகம்னு பாரு. நெறத்தப் பாக்காத, மொகத்தப் பாரு." அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. அப்புறம் ஒரு அலறல். "மதினீ! ஏ மதினி! என்ன எழவு இது, நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கீக!" "நான்தான? நல்லாப் பாரு, நான்தான?" "நீங்கதான், கோணப் பொட்டோட நீங்கதான், சீ, வாயில நல்லா வருது, மொதல்ல அத எடுங்க!" செண்பகவல்லி சிரித்தாள், இளைப்பு வருகிற வரைக்கும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே வேலம்மாள் போட்டோவை அதே பெயரில் மேலே போட்டாள். "இப்ப?" மவுஸ் தட்டுகிற சத்தம் கேட்டது. "இப்ப முட்டைக்காரம்மா," என்றாள் இசக்கி, குரல் தணிந்து, "வந்துட்டாக. என் பிள்ளைக்கும் வச்சிருக்காக." "அடிச்சிரு" என்றாள் செண்பகவல்லி. மிஷின் கிளம்புகிற சத்தம் போனிலேயே கேட்டது, அந்த மை வாடைகூட வருகிற மாதிரி இருந்தது, வராது என்று தெரியும். போனை வைத்த பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். காதுகுத்து, சடங்கு, கல்யாண மாதிரிகளை எல்லாம் பழையபடியே விட்டாள். அஞ்சலி மாதிரியை மட்டும் திறந்து, இனி அது பொதுப் ‘படம்’ பக்கமே போகாதபடி தனிப் பெயர் கொடுத்து, அந்தப் பெயரில் தன் முகத்தை உள்ளே வைத்தாள். இங்கேயும் அங்கேயும். ஒவ்வொரு அஞ்சலியும் அடித்து முடித்ததும் அந்த இடத்தில் மறுபடி தன் முகத்தையே வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். இனி என்றைக்காவது ஒரு படம் கேட்டைத் தாண்டாமல் நின்றுபோனால், பஸ் ஸ்டாண்டில் தொங்குவது அவளாகத்தான் இருக்கும், அவள் வீட்டுக்கு மாலையோடு வருகிறவர்களுக்கு அவளே கதவைத் திறப்பாள். சாயங்காலம் போய், இனி வேறு எவருக்கும் வராது என்று அண்ணாச்சி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சேமிக்கப் போனவள் நின்றாள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், பொட்டை நேராக்கி, முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, அப்புறம் சேமித்தாள்.